கட் ஆஃப் 189.5: எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று எப்படிக் கணிப்பது?

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து கலந்தாய்வு முடியும் வரை பல வீடுகளில் ஒரே கேள்விதான் ஓடுகிறது: "இந்த மார்க்குக்கு கிண்டி கிடைக்குமா? இல்லையென்றால் பி.எஸ்.ஜி.யாவது கிடைக்குமா?" பதில் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. டியூஷன் ஆசிரியர், யூடியூப் சேனல், கணித்துச் சொல்லும் இணையதளம், கமிஷனுக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் என்று ஆளுக்கொரு எண் சொல்வார்கள். இவர்களில் பெரும்பாலோர் செய்வது ஒன்றைத்தான்: போன வருடத்துக் கட் ஆஃபை எடுத்து இந்த வருட மார்க்கோடு ஒப்பிடுவது. அந்த ஒப்பீடு ஏன் காலை வாருகிறது, அதற்குப் பதில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம். முதலில் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு, அதன் பின் ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களுக்கான தேசிய நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. வழி.

கட் ஆஃப் எப்படி வருகிறது?

தமிழ்நாட்டில் பொறியியலுக்குத் தனி நுழைவுத் தேர்வு இருந்தது. 2006-இல் இயற்றப்பட்ட சட்டம் அதை நீக்கியது. 2007 சேர்க்கையிலிருந்து பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே அளவுகோல். கணிதம் 100-க்கு அப்படியே எடுத்துக்கொள்ளப்படும், இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்குச் சுருக்கப்படும். மொத்தம் 200.

ஒரு மாணவி கணிதத்தில் 96, இயற்பியலில் 93, வேதியியலில் 94 எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 96 + 46.5 + 47 = 189.5. மொழிப்பாடத்தில் அவர் எடுத்த 99 இந்தக் கணக்குக்குள் வராது. கணிதத்தில் ஒரு மார்க் கூடினால் கட் ஆஃப் ஒன்று கூடும், வேதியியலில் கூடினால் அரைதான். மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ எந்தத் தாளுக்கு விண்ணப்பிப்பது என்று யோசிப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

கல்லூரியின் "கட் ஆஃப்" என்று சொல்லப்படுவது வேறு. ஒரு கல்லூரியில், ஒரு பாடப்பிரிவில், ஓர் ஒதுக்கீட்டில் கடைசியாக இடம் வாங்கியவரின் மதிப்பெண் அது. அதை யாரும் முன்கூட்டி நிர்ணயிப்பதில்லை, சேர்க்கை முடிந்த பிறகுதான் பிறக்கிறது. ஆகவே "இந்த வருடம் கிண்டி கட் ஆஃப் எவ்வளவு?" என்று ஜூன் மாதத்தில் கேட்டால் உண்மையான பதில் எவரிடமும் இருக்காது.

மார்க் நிற்கும் இடத்தில் ரேங்க் நிற்காது

கணினி இடம் ஒதுக்குவது மதிப்பெண்ணைப் பார்த்து அல்ல, தரவரிசையைப் பார்த்து. ஒரே மதிப்பெண் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு ரேங்க்கில் போய் நிற்கும். வினாத்தாள் எளிதாக இருந்ததா, எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்பதெல்லாம் அதை நகர்த்தும்.

200-க்கு 200 எடுத்தவர்களை மட்டும் பாருங்கள். 2023-இல் 102 பேர், 2024-இல் 65 பேர், 2025-இல் 144 பேர். அதாவது 200-க்கு அடுத்த படியில் இருந்த மாணவர் 2024-இல் 66-ஆவது ரேங்க்கில் தொடங்கினார். அதே மார்க்கோடு 2025-இல் அவர் 145-க்கு முன்னால் வந்திருக்க முடியாது. உச்சியிலேயே இவ்வளவு ஆட்டம் என்றால், ஒவ்வொரு அரை மார்க்கிலும் பெரிய கூட்டம் நெருக்கியடிக்கும் 180, 190 பகுதியில் எவ்வளவு இருக்கும்!

பட்டியலின் நீளமும் மாறுகிறது. 2024 தரவரிசைப் பட்டியலில் 1,99,868 பேர், 2025-இல் 2,41,641 பேர். ஏறக்குறைய 21 சதவீத வளர்ச்சி. ஆனால் முழு மதிப்பெண் எடுத்தவர்கள் இரண்டு மடங்குக்கும் மேல் ஆனார்கள். ஆகவே "எல்லாருக்கும் 21 சதவீதம் தள்ளிப்போகும்" என்று நேர்க்கோட்டில் கணக்குப் போடவும் வழியில்லை.

இதனால்தான் தரவரிசைப் பட்டியல் வருவதற்கு முன்னால் சொல்லப்படும் எந்தக் கணிப்பும் அரைகுறை. பட்டியல் வந்த பிறகு போன வருட மார்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, போன வருடக் கடைசி ரேங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

மார்க் சமமாக இருந்தால் முதலில் கணிதத்தைப் பார்ப்பார்கள், அடுத்து இயற்பியல். இப்படியே சில படிகள் போய், பிறந்த தேதியிலும் தீராவிட்டால் கடைசியாகக் கைகொடுப்பது விண்ணப்பத்தின்போது தரப்படும் ரேண்டம் எண்.

ஒரு மாணவருக்கு இரண்டு ரேங்க்

பொதுத் தரவரிசை ஒன்று, தன் சமுதாயத்துக்குள் தரவரிசை இன்னொன்று. இரண்டும் தேவை. தமிழ்நாட்டில் 69 சதவீத இட ஒதுக்கீடு இப்படிப் பிரிகிறது: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. மீதி 31 சதவீதம் பொதுப்போட்டி.

அந்த 31 சதவீதம் முற்பட்ட வகுப்பினருக்கான "எஃப்.சி. ஒதுக்கீடு" என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது எல்லாருக்குமான பொது இடம். ஒரு பி.சி. மாணவரின் முறை வரும்போது, அவர் கேட்ட பிரிவில் பொது இடம் மீதி இருந்தால் அவருக்கு அதுவே போகும். தீர்ந்திருந்தால்தான் பி.சி. இடம். ஆகவே நல்ல ரேங்க் எடுத்த பி.சி., எம்.பி.சி. மாணவர்கள் பொது இடங்களில் நிறையப் பேர் இருப்பார்கள்.

யாருக்கு எந்த இடம் கிடைத்தது என்று காட்டும் பழைய ஒதுக்கீட்டுப் பட்டியலைப் படிக்கும்போது இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பட்டியலில் மாணவரின் சமுதாயம் ஒரு பத்தியிலும், எந்த ஒதுக்கீட்டில் இடம் தரப்பட்டது என்பது வேறொரு பத்தியிலும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. பி.சி. ஒதுக்கீட்டில் கடைசியாக இடம் பெற்றவர் யார் என்பதைத்தான் தேட வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பெரும்பாலான கணிப்பாளர்கள் சொல்வதில்லை. 60 இடம் உள்ள ஒரு பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். தோராயமாக பொதுவில் 19, பி.சி.யில் 16, எம்.பி.சி.யில் 12, எஸ்.சி.யில் 9, பி.சி. முஸ்லிமில் 2, அருந்ததியரில் 2, எஸ்.டி.யில் ஒன்றோ பூஜ்யமோ. பத்தொன்பது பேரில் கடைசி ஆளின் ரேங்க் வருடத்துக்கு வருடம் பெரிதாகத் தாண்டிக் குதிக்காது. ஆனால் ஒரே ஓர் இடத்தில் "கடைசி ரேங்க்" என்பது ஒரு தனி மனிதரின் ரேங்க். போன வருடம் அந்த இடத்தை எடுத்த மாணவி ஐ.ஐ.டி.க்குப் போயிருந்தால் அந்த எண்ணே வேறாகியிருக்கும். அருந்ததியர், எஸ்.டி., பி.சி. முஸ்லிம் பிரிவு மாணவர்களிடம் "போன வருடம் 192-இல் முடிந்தது, உனக்குக் கிடைக்காது" என்று அடித்துச் சொல்பவர், கணக்குத் தெரியாமல் பேசுகிறார் என்றே நான் சொல்வேன். குறைந்தது மூன்று ஆண்டுப் பட்டியலைப் பார்த்தால்தான் அங்கே எதையாவது சொல்ல முடியும், அதுவும் தோராயமாகத்தான்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கணக்கே தனி. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-இல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. கட்டணத்தை அரசே ஏற்கிறது. இதற்குத் தனித் தரவரிசை உண்டு. பொதுப் பட்டியலின் கடைசி ரேங்க்கை வைத்து இந்த மாணவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. 7.5 சதவீதப் பட்டியலின் முந்தைய முடிவுகளைத்தான் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் இடைவெளி பெரிது.

கல்லூரி வாரியாக அல்ல, பிரிவு வாரியாக

"கிண்டி கிடைக்குமா" என்ற கேள்வியே கொஞ்சம் பிழையானது. கிண்டியில் கணினி அறிவியலின் பொதுப்போட்டி 200-ஐ ஒட்டியே முடிந்துவிடும். அதே வளாகத்தில் சுரங்கவியலோ அச்சுத் தொழில்நுட்பமோ பல ஆயிரம் ரேங்க் தள்ளியும் கிடைக்கும். கேள்வியைக் கல்லூரி, பிரிவு, ஒதுக்கீடு மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் உண்டு.

போட்டி கடுமையாக இருக்கும் கல்லூரிகள் உண்மையில் சிலவே. கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி ஆகிய அண்ணா பல்கலைக்கழக வளாகங்கள், கோவையின் பி.எஸ்.ஜி.யும் சி.ஐ.டி.யும், மதுரை தியாகராசர், கோவை ஜி.சி.டி. தொடங்கி சேலம், காரைக்குடி, திருநெல்வேலி என அரசுக் கல்லூரிகள். இவற்றோடு முன்வரிசை சுயநிதிக் கல்லூரிகள். நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ள பட்டியலின் மறுமுனையில் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகக் கிடக்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியவை:

1. ஒரே கல்லூரியில் ஒரே பிரிவு இரண்டு முறை வரலாம். அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் பல்கலைக்கழக வளாகங்களிலும் சாதாரணப் பிரிவும் இருக்கும், எஸ்.எஸ். என்று குறிக்கப்படும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். கட்டணம் வேறு, கடைசி ரேங்க்கும் வேறு. எஸ்.எஸ். பெரும்பாலும் சற்றுத் தள்ளி முடியும்.

2. சுயநிதிக் கல்லூரியின் மொத்த இடமும் கலந்தாய்வுக்கு வராது. சிறுபான்மை அல்லாத கல்லூரிகள் 65 சதவீதம், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதம் தர வேண்டும். மிச்சம் நிர்வாக ஒதுக்கீடு. கல்லூரி விளம்பரத்தில் உள்ள இடங்களின் எண்ணிக்கையை வைத்து வாய்ப்பைக் கணிக்காதீர்கள்.

3. இடங்களின் எண்ணிக்கையும் மாறும். நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு இருந்த உச்ச வரம்பை, தொழில்நுட்பக் கல்விக்கான தேசிய ஒழுங்குமுறை அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. 2024-இல் நீக்கியது. பல சுயநிதிக் கல்லூரிகள் கணினி சார்ந்த பிரிவுகளில் இடங்களைக் கூட்டிக்கொண்டன. அங்கே போன வருடக் கடைசி ரேங்க்கைவிடப் பின்னால் இருப்பவருக்கும் இடம் வரலாம். கூட்டிய வேகத்துக்கு ஆசிரியர்கள் கூடினார்களா என்பது வேறு கேள்வி.

சரி, கணிப்பது எப்படி?

189.5 எடுத்த அந்த மாணவியையே எடுத்துக்கொள்வோம். அவர் செய்ய வேண்டியது இது:

1. தரவரிசைப் பட்டியலில் தன் பொது ரேங்க், சமுதாய ரேங்க் இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. விரும்பும் ஒவ்வொரு கல்லூரி, பிரிவுக்கும் கடந்த மூன்று ஆண்டுகளின் ஒதுக்கீட்டுப் பட்டியலிலிருந்து தன் ஒதுக்கீட்டில் கடைசியாக இடம் பெற்றவரின் ரேங்க்கை எடுக்க வேண்டும். பொதுப்போட்டிக்கான கடைசி ரேங்க்கையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

3. மூன்று ஆண்டு எண்களையும்விடத் தன் ரேங்க் முன்னால் இருந்தால் அந்த இடம் ஏறக்குறைய கைக்குள். மூன்றுக்கும் நடுவில் விழுந்தால் எல்லையில். மூன்றையும்விடப் பின்னால் என்றால் வாய்ப்புக் குறைவு.

4. இடங்கள் குறைவாக உள்ள ஒதுக்கீட்டில் இந்த "எல்லை" அகலமானது என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு மேல் "78 சதவீத வாய்ப்பு" என்று துல்லியமாகச் சொல்லும் செயலிகள் உண்டு. அந்தத் தசம சுத்தத்தை நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

விருப்பப் பட்டியலில் பயம் வேண்டாம்

வாய்ப்பைச் சரியாகக் கணித்தவர்கள்கூடக் கோட்டை விடுவது இந்தக் கட்டத்தில்தான். "கிண்டியை முதலில் போட்டுக் கிடைக்காமல் போனால், இரண்டாவது விருப்பமும் போய்விடுமே" என்ற பயம் பரவலாக இருக்கிறது. அப்படி நடக்காது.

ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராகக் கணினி எடுக்கிறது. உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, இடம் இருக்கும் முதல் விருப்பத்தைத் தருகிறது. உங்களுக்குப் பின்னால் ரேங்க் உள்ள ஒருவர், பி.எஸ்.ஜி.யை முதலில் போட்டார் என்பதற்காக உங்களை முந்தி அதை வாங்கிவிட முடியாது. எட்டாத பத்து இடங்களை மேலே போட்டாலும் பதினொன்றாவதுக்கான உங்கள் வாய்ப்பு ஒரு துளியும் குறையாது.

ஆகவே வரிசை ஆசைப்படி இருக்க வேண்டும், வாய்ப்புப்படி அல்ல. கணிப்பின் வேலை எவ்வளவு கீழே வரை பட்டியல் போக வேண்டும் என்று சொல்வதுதான். கைக்குள் இருக்கும் இடங்கள் போதுமான எண்ணிக்கையில் அடியில் இருந்தால், மேலே எவ்வளவு துணிந்தாலும் நஷ்டமில்லை. பட்டியலை இருபதோடு நிறுத்திவிட்டு இடமே கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அடுத்த சுற்றில் முந்தைய சுற்று விட்டுவைத்த மீதிதான் இருக்கும். விருப்பங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது, நூறுகூடப் போடலாம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இன்னொரு முடிவு எடுக்க வேண்டும். ஏற்றுச் சேர்வது, ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பது, கிடைத்ததை விட்டுவிட்டு மேல் விருப்பத்துக்கு மட்டும் காத்திருப்பது, அடுத்த சுற்றுக்குப் போவது, விலகுவது என்று வழிகள் உண்டு. மாணவர்கள் "அப்வார்டு" என்று சொல்வது இரண்டாவதை. முன்னால் இருந்தவர் பணம் கட்டாமல் விலகினால் அந்த இடம் அடுத்தவருக்கு ஏறும். ஏறிவிட்டால் பழைய இடம் அதோடு போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால்தான் ஆசைப்படாத ஓர் இடத்தைச் சும்மாவாவது மேலே போட்டுவைக்கக் கூடாது.

ஜே.இ.இ. வழியில் கணக்கு மாறும்

திருச்சி என்.ஐ.டி.க்கும் சென்னை ஐ.ஐ.டி.க்கும் பிளஸ் டூ கட் ஆஃப் செல்லாது. ஜே.இ.இ. மெயின் தேர்வு ஜனவரி, ஏப்ரல் என இரு முறை நடக்கிறது. பல ஷிஃப்டுகளில் வெவ்வேறு வினாத்தாள் என்பதால் மார்க்கை நேரடியாக ஒப்பிடாமல் பெர்சென்டைல் தருகிறார்கள். இரண்டில் சிறந்தது எடுத்துக்கொள்ளப்படும். 99 பெர்சென்டைல் என்றால் 99 சதவீத மதிப்பெண் அல்ல, எழுதியவர்களில் ஒரு சதவீதம் பேர் உங்களுக்கு முன்னால் இருக்கிறார்கள் என்று பொருள். ஏறக்குறைய 14 லட்சம் பேர் எழுதும் தேர்வில் அந்த ஒரு சதவீதம் 14,000 பேர். "99 எடுத்தும் திருச்சியில் சி.எஸ்.இ. இல்லையா" என்ற திகைப்புக்கு விடை இந்தப் பெருக்கலில் இருக்கிறது.

ஐ.ஐ.டி.க்கு மெயின் ரேங்க் வாசல்படி மட்டுமே. முதல் இரண்டரை லட்சம் பேர் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு என்ற அடுத்த தேர்வை எழுதலாம், அதன் ரேங்க்தான் இடம் தரும். மெயினில் முன்னால் இருந்தவர் அட்வான்ஸ்டில் பட்டியலிலேயே இல்லாமல் போவது சாதாரணம்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இங்கே மூன்று விஷயங்கள் வாய்ப்பையே மாற்றிவிடும்.

முதலாவது, சொந்த மாநில ஒதுக்கீடு. என்.ஐ.டி.களில் பாதி இடம் அந்த மாநிலத்தவருக்கு. திருச்சியில் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டின் கடைசி ரேங்க், வெளிமாநில ஒதுக்கீட்டைவிடப் பல பிரிவுகளில் நன்றாகப் பின்னால் முடியும். ஆனால் சொந்த மாநிலம் எது என்பதை முடிவு செய்வது பிறந்த ஊர் அல்ல, பிளஸ் டூ எங்கே தேர்ச்சி பெற்றீர்கள் என்பது. ஜே.இ.இ. பயிற்சிக்காக ஆந்திரத்திலோ தெலங்கானாவிலோ பதினொன்று, பன்னிரண்டு படித்த சென்னைப் பிள்ளை, திருச்சியில் வெளிமாநிலத்தவராகிவிடுகிறார். சேர்க்கும் முன் இதைப் பெற்றோருக்குச் சொல்பவர்கள் குறைவு. ஐ.ஐ.டி.யிலும் காஞ்சிபுரம் ஐ.ஐ.ஐ.டி.யிலும் மாநில ஒதுக்கீடே கிடையாது. காரைக்கால் என்.ஐ.டி. பக்கத்தில் இருந்தாலும் அது புதுச்சேரிக்கானது.

இரண்டாவது, சான்றிதழ். மாநிலத்தில் பி.சி., எம்.பி.சி. ஒதுக்கீட்டுக்கு வருமான வரம்பு இல்லை. மத்திய நிறுவனங்களில் ஓ.பி.சி. 27 சதவீதம், கிரீமி லேயர் எனப்படும் வசதி படைத்த பிரிவில் வராதவர்களுக்கு மட்டுமே, சான்றிதழும் அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். அது கையில் இல்லாவிட்டால் ஓ.பி.சி. ரேங்க் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பொதுப் பட்டியலில்தான் நிற்க வேண்டும்.

மூன்றாவது, பெண்களுக்கான கூடுதல் இடங்கள். 2018 முதல் ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் பெண்களுக்கு மட்டும் தனி இடங்கள் உண்டு. அவற்றின் கடைசி ரேங்க் தனியாக வெளியாகும், பெரும்பாலும் பின்னால் இருக்கும். மாணவிகள் இரண்டு வரிசையையும் பார்க்க வேண்டும்.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களுக்கான ஜோசா கலந்தாய்வு ஒவ்வொரு சுற்றின் தொடக்க, கடைசி ரேங்க்கையும் வெளியிடுகிறது. முதல் சுற்று எண்ணைப் பார்த்துக் கைவிட்டுவிடாதீர்கள், ஒப்பிட வேண்டியது கடைசிச் சுற்றை. இன்னொன்று, பிளஸ் டூவில் 75 சதவீதமோ, தம் வாரியத்தில் முதல் 20 பெர்சென்டைலுக்குள்ளோ இல்லாவிட்டால் ரேங்க் இருந்தும் பயனில்லை. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 65 சதவீதம் போதும்.

தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் வாய்ப்பு என்பதற்கே அர்த்தம் கொஞ்சம் மாறும். வி.ஐ.டி.யில் ரேங்க் பின்னால் போகப் போகக் கட்டணப் பிரிவு ஒன்றிலிருந்து ஐந்து வரை ஏறிக்கொண்டே போகும். அங்கே கணிக்க வேண்டியது இடம் கிடைக்குமா என்பதைவிட, எந்தக் கட்டணத்தில் கிடைக்கும் என்பதைத்தான். அந்த நான்கு ஆண்டுத் தொகையை, அதே மாணவருக்குக் கலந்தாய்வில் கைக்குள் இருக்கும் அரசுக் கல்லூரியின் கட்டணத்துக்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டலாம்.